பழைய தேக்குப் புத்தக அலமாரி வாங்குவது எப்படி? முதன்முறை வாங்குவோருக்கான படிப்படியான விளக்கம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறிய தூண்கள், நிலைக்கதவுகள், எனாமல் பாத்திரங்கள் ஆகியவற்றின் நடுவே, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகளும் சுவரோரம் சாய்ந்து நிற்கும். பாலிஷ் போட்ட முகப்பு எந்த அலமாரியையும் அழகாகவே காட்டும் என்பதால், பாலிஷ் படாத பகுதிகளைப் பார்க்கப் பழகுவதே இந்த வேலையில் முக்கியமானது. பின்வரும் படிகளை அந்த நோக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

படி 1: வீட்டில் அளவெடுங்கள்

டெம்மி அளவுத் தமிழ் நூல் ஏறக்குறைய எட்டரை அங்குல உயரம் இருக்கும். ஆகவே தட்டுகளுக்கு இடையே பத்து அங்குலமும், உள் ஆழம் பத்து முதல் பன்னிரண்டு அங்குலமும் இருந்தால் பெரும்பாலான புத்தகங்களுக்குப் போதும். துணிக்காகச் செய்த அலமாரிகள் இதைப்போல இரு மடங்கு ஆழமாக இருக்கும். அவற்றில் புத்தகம் அடுக்கினால் பின்வரிசை கண்ணில் படாமலே போய்விடும். வாசற்படியின் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துகொண்டு, அலமாரி மேல்பாகம், கீழ்பாகம் என்று இரண்டாகப் பிரியுமா என்று கடையில் கேளுங்கள்.

படி 2: மரத்தை அறியுங்கள்

எந்தக் கடையிலும் முதலில் காதில் விழும் சொல் ‘பர்மா தேக்கு’ என்பதுதான். அந்தப் பெயருக்கு வரலாறு உண்டு. 1886இல் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்த பிறகு அங்கே செட்டிநாட்டு வணிகரான நகரத்தாரின் கொடுக்கல் வாங்கல் தொழில் பெருகியது; 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு நேரும்வரை நீடித்த அந்தத் தொடர்பின் வழியேதான் செட்டிநாட்டு வீடுகளுக்குத் தேக்கு வந்து சேர்ந்தது. ஆனால் கேரளத்து நிலம்பூர் போன்ற இடங்களில் விளைந்த நம் நாட்டுத் தேக்கிலும் நல்ல அலமாரிகள் செய்யப்பட்டன. பெயரை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

தேக்கின் பாலிஷ் இல்லாத உட்புறத்தைத் தடவினால் லேசான எண்ணெய்ப் பசை விரலில் படும். ஈட்டி மரம் கருஞ்சிவப்பாகவும், கருங்கோடுகளோடும் இருக்கும்; தேக்கைவிட நன்றாகவே கனக்கும். முகப்பில் தேக்கும் பின்பலகையில் மா போன்ற மலிவான மரமும் போடுவது அந்தக் காலத்திலேயே இருந்த வழக்கம்தான்; அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

படி 3: பின்புறத்தையும் அடிப்பகுதியையும் பாருங்கள்

அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தித் தரச் சொல்லுங்கள். பின்பலகையில் கைபேசி விளக்கைச் சாய்வாக அடித்தால், இழைப்புளி ஓடிய இடங்களில் மென்மையான மேடுபள்ளங்கள் தெரியும். விரலாலும் அதை உணரலாம். பின்பலகை பிளைவுட் என்றால் அது பிற்காலத்தில் மாற்றியது. கூட்டல் குறி போன்ற வெட்டுடைய திருகாணி 1930களில்தான் பரவத் தொடங்கியது. ஆகவே ‘நூறு வருஷத்துப் பொருள்’ என்று சொல்லப்படும் அலமாரியின் கீல்களில் அது இருந்தால், கீலாவது மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது அலமாரியே புதியதாக இருக்க வேண்டும்.

பக்கப்பலகையிலோ சட்டத்திலோ காரணமில்லாத சதுரத் துளைகளும், அவற்றை மரத்துண்டால் அடைத்த தடயங்களும் இருந்தால், அது பழைய கதவு நிலையையோ சன்னலையோ அறுத்துப் புதிதாகச் செய்த அலமாரி. அப்படிச் செய்வதில் தவறில்லை, மரமும் நல்ல மரமாகவே இருக்கும். ஆனால் அதைப் பழைய மரத்தில் செய்த புது வேலை என்று சொல்லித்தான் விற்க வேண்டும். விலையும் அதற்கேற்பவே இருக்க வேண்டும்.

உண்மையான பழமை, கை பட்ட இடத்தில் தெரியும். என் வீட்டு அலமாரியின் சாவித்துளைக்குக் கீழே, சாவிக்கொத்து ஆடி ஆடி உரசியதால் விழுந்த அரைவட்டத் தடம் ஒன்று இருக்கிறது. நடுவில் ஆழமாகவும், ஓரம் போகப்போக மெலிந்தும் இருக்கும் அந்தத் தடத்தை உப்புத்தாள் கொண்டு தேய்த்து உண்டாக்க முடியாது. இழுப்பறையின் அடிவிளிம்பு சீராக இல்லாமல் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருப்பதும் இத்தகைய அடையாளமே.

படி 4: மரத்தைத் துளைக்கும் உளுவையும் கறையானையும் தேடுங்கள்

இந்தப் படியை மட்டும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். நான் முதன்முதலாக வாங்கிய அலமாரியில் குண்டூசித் தலை அளவுத் துளைகள் சில இருந்தன. பழைய துளைகள்தான் என்று கடைக்காரர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துக் கீழ்த்தட்டைத் துடைத்தபோது, கோலமாவு போல வெளிறிய தூள் குவிந்திருந்தது. பின்பலகைகள் இரண்டைக் கழற்றி எறியும்படி ஆயிற்று. நல்லவேளையாகப் புத்தகங்கள் தப்பின.

பழைய துளையின் விளிம்பு கறுத்திருக்கும். உள்ளே பூச்சி உயிரோடிருந்தால் துளையும் தூளும் வெளிறியிருக்கும். ஐயம் இருந்தால் அலமாரியின் அடியில் கறுப்புத் தாள் ஒன்றை விரித்துவிட்டு மறுநாள் வந்து பார்க்க அனுமதி கேளுங்கள். தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியை உளு எளிதில் தொடாது. வெளிறிய ஓரப்பகுதியைத்தான் தின்னும் என்பதால், விளிம்புகளை நன்றாகப் பாருங்கள். கால்களின் அடியில் மண்கோடுகள் இருந்தாலோ, தட்டும்போது பொள்ளலான ஓசை வந்தாலோ அது கறையானின் வேலை.

படி 5: தட்டு எவ்வளவு தாங்கும்?

நெருக்கமாக அடுக்கிய புத்தகங்கள் ஒரு மீட்டருக்கு 25 முதல் 40 கிலோ வரை கனக்கும். தட்டின் தடிமனை இரு மடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதே நெருக்கத்தில் புத்தகம் அடுக்கிய தட்டின் நீளத்தை இரு மடங்காக்கினால் தொய்வு பதினாறு மடங்காகும். ஆகவே மூன்றடிக்கு மேல் நீண்ட தட்டுக்கு நடுவில் ஒரு தாங்கு கட்டை கட்டாயம் தேவை.

படி 6: பூச்சு

மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அதைச் சுரண்டி எடுக்காமல், தூசி துடைத்து மெழுகு பூசினாலே போதும். பழைய பெயின்ட் அடித்த அலமாரி என்றால் அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

படி 7: ரசீதும் இடமும்

மரத்தின் பெயர், பழைய பொருளா புது வேலையா என்ற விவரம், மாற்றிய பாகங்கள் ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டில் வாழ்வோர் கப்பலில் அனுப்ப நினைத்தால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தை முதலில் கவனிக்க வேண்டும். நூறாண்டு கடந்த தொல்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய அந்தச் சட்டம் இடம் தருவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். கதவு தானாகத் திறந்துகொண்டால் தரை மட்டமில்லை என்று பொருள். தாழ்ந்த காலுக்கு மெல்லிய கட்டை கொடுங்கள். கனமான நூல்களைக் கீழ்த்தட்டில் அடுக்கிவிட்டு, ஒரு வாரம் கழித்துக் கதவுகள் முன்போலவே பொருந்தி மூடுகின்றனவா என்று பாருங்கள். மூடினால் மேல்தட்டுகளையும் நிரப்பலாம்.