துப்பாக்கிச் செய்திகளை எழுதும்போது சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'துப்பாக்கி வெடித்ததில் இளைஞர் பலி' என்று ஒரு தலைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். துப்பாக்கியே சிதறி அவர் இறந்தாரா, அதிலிருந்து பாய்ந்த தோட்டா பட்டு இறந்தாரா, விசையை இழுத்தவர் அவரா வேறொருவரா என்பதில் ஒன்றைக்கூட அத்தலைப்பு சொல்வதில்லை. தமிழில் பட்டாசும் வெடிக்கும், துப்பாக்கியும் வெடிக்கும். 'குண்டு' என்ற ஒரே சொல் தோட்டாவையும் குறிக்கும், வெடிகுண்டையும் குறிக்கும். இந்த இரட்டைப் பொருளையாவது அடுத்த வரியில் தெளிவுபடுத்திவிடலாம். ஆனால் எழுவாய் இருக்கவேண்டிய இடத்தில் ஆளுக்குப் பதிலாகத் துப்பாக்கி வந்து உட்கார்ந்துவிட்டால், செய்தி முழுவதையும் படித்து முடித்த பிறகும் வாசகர் மனத்தில் சுட்டவர் என்று ஒருவர் இருக்கமாட்டார்.

'அவர் சுட்டார்', 'அவர் சுடப்பட்டார்', 'துப்பாக்கிச் சூடு நடந்தது' ஆகிய மூன்றும் ஒரே நிகழ்வைக் குறிக்கலாம். பொறுப்பு மட்டும் படிப்படியாகக் கரைந்துபோகிறது. அமெரிக்கக் காவல்துறை அறிக்கைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் 'அதிகாரி தொடர்புடைய துப்பாக்கிச் சூடு' என்ற தொடர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: அதிகாரி சுட்டாரா, சுடப்பட்டாரா என்பதே அதிலிருந்து தெரியாது. சுட்டவர் யாரென்று உறுதியாகத் தெரியாதபோது செயப்பாட்டு வினை நேர்மையானது. தெரிந்த பின்னும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது நடுநிலை ஆகாது.

'தவறுதலாக', 'விபத்தாக' என்ற சொற்களும் இப்படித்தான் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகின்றன. இன்றைய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை விசை இழுபடாமல் சுடாதபடி வடிவமைக்கப்படுகின்றன. எனவே விசையில் விரல் எப்படிப் போயிற்று, தோட்டா நிரப்பிய நிலையில் அது ஏன் எட்டும் இடத்தில் இருந்தது என்பவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள். பழுதும் காரணமாக இருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 'விபத்து' என்று எழுதிவிட்டால் இவற்றில் எதையும் யாரும் கேட்பதில்லை.

துப்பாக்கியின் வகையைச் சொல்லும் இடத்தில்தான் மிகுதியான குழப்பம். அமெரிக்காவில் பரவலாக விற்கப்படும் ஏ.ஆர்.-15 என்ற ரைஃபிளின் பெயரில் உள்ள 'ஏ.ஆர்.' 'அசால்ட் ரைஃபிள்', அதாவது தாக்குதல் ரைஃபிள், என்பதைக் குறிப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். அது 1950-களில் அதை வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. கடையில் பொதுமக்களுக்கு விற்கப்படும் ஏ.ஆர்.-15 அரைத் தானியங்கி வகை: விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா வெளியேறும், அடுத்த தோட்டா தானாகவே அறைக்குள் ஏறி நிற்கும், மீண்டும் சுட விரலை விட்டு மறுபடியும் இழுக்க வேண்டும். முழுத் தானியங்கியில் விசையைப் பிடித்திருக்கும் வரை தோட்டாக்கள் சீறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் 1934 முதல் அதற்குக் கடுமையான கூட்டரசுக் கட்டுப்பாடு உண்டு, 1986-க்குப் பின் புதிதாகச் செய்யப்பட்டதைப் பொதுமக்கள் வாங்கவும் முடியாது. தலைப்பில் இடம் போதவில்லை என்று 'அரை' என்ற ஈரெழுத்தை வெட்டும் உதவி ஆசிரியர், ஒரு சட்டப் பிரிவையே சேர்த்து வெட்டிவிடுகிறார்.

'தாக்குதல் ரைஃபிள்' என்ற பெயரின் வேர் 1944-இல் ஜெர்மானியப் படைக்குத் தரப்பட்ட ஸ்டுர்ம்கெவேர் ('தாக்குதல் ரைஃபிள்' என்பதே அதன் பொருள்) என்ற துப்பாக்கியில் இருக்கிறது. அது தானியங்கியாகவும் சுடக்கூடிய போர்க்கருவி. 'தாக்குதல் ஆயுதம்' என்பதோ வேறு. 1994-இல் அமெரிக்கா கொண்டுவந்து 2004-இல் காலாவதியான தடைச் சட்டத்தில், கழற்றக்கூடிய மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் உறை) கொண்ட அரைத் தானியங்கி ரைஃபிளுக்கு தோளில் அணைக்கும் மடக்குக் கட்டை, பிஸ்டல் பிடி, துப்பாக்கிக்கத்தி பொருத்தும் இடம் போன்ற கூறுகளில் இரண்டு இருந்தாலே அப்பெயர் பொருந்தியது. எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை: துப்பாக்கித் தொழில்துறையின் சங்கம் 2009 வாக்கில் 'நவீன விளையாட்டு ரைஃபிள்' என்ற பெயரைப் பரப்பத் தொடங்கியது. ஒரு பெயர் அதே இரும்பைப் போர்க்களத்தில் நிறுத்துகிறது, மற்றது விளையாட்டுத் திடலில் நிறுத்துகிறது. 2022-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் நடைக் கையேட்டில் 'அரைத் தானியங்கி ரைஃபிள்' என்பதையே பரிந்துரைத்தது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அது கருவி எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்கிறது, அதை என்ன நினைக்க வேண்டும் என்று சொல்வதில்லை.

துப்பாக்கிக் குழலின் முனையில் ஓசையைக் குறைக்கப் பொருத்தும் 'சைலன்ஸர்' பற்றி ஒரு சொல். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஹைரம் பெர்சி மாக்ஸிம் 1909-இல் அதற்குக் காப்புரிமை பெற்றபோதே இப்பெயர் ஒட்டிக்கொண்டது, அமெரிக்கச் சட்டமும் அதையே ஏற்றது. ஆனால் அது ஓசையைக் குறைக்குமே தவிர அடக்கிவிடாது. 'சத்தமே வரவில்லை' என்று எழுதுவது திரைப்படத்தை நம்பி எழுதுவது.

எண்களிலும் சொல்லே முந்திக்கொள்கிறது. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தார்கள். இதை '48,830 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்' என்று மொழிபெயர்ப்பது பிழை: அவற்றில் 26,328 தற்கொலைகள், 20,958 கொலைகள். 'கொல்லப்பட்டனர்' என்ற வினை, பாதிக்கும் மேற்பட்ட இறப்புகளைக் குற்றக் கணக்கில் எழுதிவிட்டு, உளநலம் பற்றியும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது பற்றியும் எழவேண்டிய பேச்சை மறைத்துவிடுகிறது. 'துப்பாக்கியால் நேர்ந்த இறப்புகள்' என்றால் போதும்.

'பெருந்திரள் துப்பாக்கிச் சூடு' என்பதற்கும் ஒரே அளவுகோல் இல்லை. சுட்டவரைத் தவிர நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோர் மீது தோட்டா பட்டாலே, அவர்கள் உயிர் பிழைத்தாலும், அமெரிக்காவில் இத்தகைய நிகழ்வுகளைத் தொகுக்கும் துப்பாக்கி வன்முறை ஆவணக் காப்பகம் அதைக் கணக்கில் சேர்க்கும். 2013-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் உள்ள 'பெருந்திரள் கொலை' என்பதற்கோ ஒரே நிகழ்வில் குறைந்தது மூவர் கொல்லப்பட்டிருக்க வேண்டும். ஒரு பத்தியில் முதல் கணக்கையும் அடுத்த பத்தியில் இரண்டாம் கணக்கையும் வைத்து 'அதிகரித்தது', 'குறைந்தது' என்று எழுதக் கூடாது.

சட்டத்தைப் பற்றி எழுதும்போது 'கட்டுப்பாடு' என்றால் பறிமுதல் நினைவுக்கு வருகிறது, 'பாதுகாப்பு' என்றால் யாரும் மறுக்க முடியாத நன்மை போலத் தோன்றுகிறது, 'உரிமை' என்றால் அரசியலமைப்பே எழுந்து நிற்கிறது. மூன்றையும் தரப்பினர் கூற்றாக மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டு, கட்டுரையாளர் தம் சொல்லாக மசோதாவில் உள்ளதையே எழுதலாம்: வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்த்தல், குறைந்தபட்ச வயது, மேகசினில் அடங்கும் தோட்டாக்களின் எண்ணிக்கை.