துப்பாக்கி இருக்கட்டும், முதலில் விசாவைப் பாருங்கள்

அமெரிக்கா வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. உடன் வேலை செய்பவர் சனிக்கிழமை சுடுதளத்துக்கு அழைப்பார். தாத்தா காலத்து ராணுவக் கைத்துப்பாக்கியை நீட்டி, சுட்டுப் பாருங்கள் என்பார். ஆசையாகத்தான் இருக்கும். கையை நீட்டாதீர்கள்.

எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல, சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். தண்டனை 15 ஆண்டுகள் வரை போகலாம்; நாடு கடத்தலும் சேர்ந்து வரலாம். சட்டம் திறந்து வைத்திருக்கும் முக்கியமான வாசல், ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். முட்டைகூடச் சாப்பிடாத நண்பர் ஒருவர் அதற்காகவே வேட்டைப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தார். மாநிலச் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கலாம் என்பதால் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கிரீன் கார்டு இருந்தால் கதை வேறு. உரிமம் பெற்ற கடையில் 4473 எண் படிவத்தை நிரப்பினால், பின்னணிச் சோதனை நடக்கும். கைத்துப்பாக்கியை நீங்கள் வசிக்கும் மாநிலத்தில்தான் வாங்க முடியும். கஞ்சா பற்றிய கேள்வியில் ஏமாந்துவிடாதீர்கள்: மாநிலம் அனுமதித்தாலும் படிவம் கேட்பது கூட்டாட்சிச் சட்டத்தை.

எதை வாங்குவது? என் வாக்கு எம்1911-க்குத்தான். ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. 1911 முதல் 1985 வரை அமெரிக்கப் படையின் முதன்மைக் கைத்துப்பாக்கி. இரண்டாம் உலகப் போரில் இதைச் செய்தவர்களின் பெயர்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களில் விரல் வலிக்க அடித்தோமே, அந்த ரெமிங்டன் பெயரைத் தாங்கிய ரெமிங்டன் ராண்ட் நிறுவனம்தான் மிக அதிகமாகச் செய்தது. தையல் இயந்திர சிங்கரும் 500 செய்து கொடுத்தது. 'சிங்கர்' என்று பொறித்த ஒன்று மலிவாகக் கிடைத்தால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ராணுவப் பணிமனைகளில் பழுது பார்த்தபோது ஒரு துப்பாக்கியின் ஸ்லைடை, அதாவது சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல்பகுதியை, இன்னொன்றின் உடலில் மாட்டிவிட்டார்கள். சேகரிப்பவர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பார்கள். சுடுவதற்கு அதுவே போதும், விலையும் குறைவு. வாங்கியதும் புதுச் சாயம் ஏற்றி மினுக்காதீர்கள். மதிப்பு பாதியாகிவிடும்.

சுடுமுன் துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் காட்டி, ஸ்லைடைத் தள்ளும் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். போர்க்காலத் தோட்டா வேண்டாம். அதன் பற்றவைப்பு ரசாயனத்தின் உப்பு குழலைத் துருப்பிடிக்க வைக்கும். 230 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு), முழு உலோக உறை கொண்ட புதிய பாயின்ட் 45 தோட்டாவே இதற்குப் பொருந்தும். மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், 7 கொள்ளும். முதல் நாள் ஒன்று மட்டும் போட்டுச் சுடுங்கள். உதைப்பு, பயந்த அளவுக்கு இருக்காது: வெடுக்கென்று அடிக்காமல் தோளைப் பிடித்துத் தள்ளுவதுபோல இருக்கும். இடது கட்டைவிரலை ஸ்லைடுக்குப் பின்னால் வைத்தால் மட்டும் ரத்தம் பார்ப்பீர்கள்.

சுடுதளத்துக்கு ஒரு பை, ஊருக்குப் போக வேறு பை. மறந்துபோன ஒற்றைத் தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தாலும் ஆயுதச் சட்டப்படி வழக்கு வரும். அம்மா வாசலில் காத்துக்கொண்டிருப்பார், நீங்கள் உள்ளே வாக்குமூலம் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.