யமாசியர் வரலாற்றை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யமாசியர் போன்ற அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றித் தமிழில் எழுத முன்வருவோரின் கட்டுரைகளைத் திருத்தும் பணியில் இருக்கிறேன். ஆண்டுப் பிழையும் பெயர்ப் பிழையும் தாமாகத் திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆதிகாலந்தொட்டு வாழ்ந்த ஒரே இனம் எனத் தொடங்குவது

யமாசியர் என்பது, 17-ஆம் நூற்றாண்டில், இன்றைய ஜார்ஜியாவில் சிதறிக் கிடந்த பல குடிகள் சேர்ந்து உருவான கூட்டமைப்பு.

போருக்குக் கடனை மட்டும் காரணமாக்குவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஆங்கிலேய வணிகர்களிடம் பட்ட கடனைத் தீர்க்க முடியாமல் யமாசியர் 1715-இல் போர் தொடுத்தனர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கடன் இருந்தது உண்மை. 1711-வாக்கில் அது ஏறத்தாழ 1,00,000 மான்தோல்களுக்கு ஈடாக இருந்தது. ஆனால் 1680-களில் ஆங்கிலேயக் குடியேற்றமான கரோலினாவின் போர்ட் ராயல் பக்கம் குடியேறிய யமாசியர், புளோரிடாவின் ஸ்பானிய மிஷன் (கிறித்தவ மதப்பணி) ஊர்களைத் தாக்கி, பிடிபட்டவர்களைக் கரோலினா வணிகர்களிடம் அடிமைகளாக விற்று வந்தவர்கள். கடன்பட்டவரின் உறவினரையே வணிகர்கள் பிடித்துச் சென்றதையும் கண்டவர்கள். அடுத்து விலைபோகப் போவது யார் என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1715 ஏப்ரல் 14 அன்று கரோலினாவின் தூதர்களான தாமஸ் நெய்ர்ன், ஜான் ரைட் முதலியோர் சமாதானம் பேச யமாசியரின் போகோடாலிகோ ஊருக்கு வந்திருந்தனர். மறுநாள் புனித வெள்ளியன்று அவர்கள் தாக்கப்பட்டனர். நெய்ர்ன் தீயிட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் யமாசியரின் ஹஸ்பா ஊர்த் தலைவர், சிறைபிடித்த ஆங்கிலேயச் சிறுவன் ஒருவனைக் கொண்டு கரோலினா ஆளுநர் சார்லஸ் கிரேவனுக்குக் கடிதம் எழுதுவித்தார். வெள்ளையர் ஓர் இரவில் வந்து தலைவர்கள் நால்வரைத் தூக்கிலிட்டு, மற்ற அனைவரையும் அடிமைகளாகக் கொண்டுசெல்வார்கள் என்று ரைட் கூறியதாக அக்கடிதம் சொல்கிறது. இளைஞர் ஒருவர் இந்தக் கடிதத்தை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டு, மூன்று பக்கங்களுக்குத் தோல்கணக்கு எழுதியிருந்தார். கடிதத்தை முன்னே வைத்து மீண்டும் எழுதுமாறு திருப்பி அனுப்பினேன்.

போர் ஸ்பானியரின் சூழ்ச்சி என்பது

கரோலினாவில் அன்று எழுந்த குற்றச்சாட்டு, சான்றாகாது.

போரோடு அழிந்தனர் என்பது

ஆங்கில ஆவணங்களை மட்டும் படிப்பதால் வரும் பிழை. யமாசியர் பலர் ஸ்பானிய புளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகர் அருகே மீண்டும் குடியேறினர். 1728-இல் கரோலினாவின் ஜான் பால்மர் நடத்திய படை அங்கேயும் தேடிச் சென்று தாக்கியது. கரோலினாவில் அடிமையாக இருந்து தப்பி, யமாசியரோடு சேர்ந்து போரிட்ட ஆப்பிரிக்கரான பிரான்சிஸ்கோ மெனென்டெஸ் பிற்பாடு, தப்பி வந்த அடிமைகளுக்காக ஸ்பானியர் அமைத்த மோசே கோட்டையின் படைத்தலைவரானார். 1763-இல் ஸ்பெயின் புளோரிடாவை பிரிட்டனுக்குக் கொடுத்தபோது, ஸ்பானியரோடு கியூபாவுக்குப் புறப்பட்டவர்களில் யமாசியரும் இருந்தனர்.