கொமடோர் 64-இல் 16 நிறத்தைத் தாண்டப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

கொமடோர் 64 என்ற 1980களின் வீட்டுக் கணினி தருவது 16 நிறம்தான். இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டினால் கண்ணே அவற்றைக் கலந்துகொள்ளும், கணக்குப்படி 136 நிறம் வரை போகலாம். இந்த எண்ணைக் கேட்டதுமே புதிதாக வருகிறவர்களுக்குத் தலைகால் புரிவதில்லை, ஒருகாலத்தில் எனக்கும் அப்படித்தான். மெமரி முகவரி, திரையின் ஒரு சிறு கட்டத்துக்கு எத்தனை நிறம் என்பதெல்லாம் எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

பிரகாசம் பார்க்காமல் ஜோடி சேர்ப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. சமீபத்தில் ஒரு தம்பி அந்தி வானம் வரைந்து அனுப்பினார், நீலத்தையும் மஞ்சளையும் கலந்து. எமுலேட்டர் (இன்றைய கணினியில் அந்த மெஷினைப் போலவே ஓடும் மென்பொருள்) இரண்டு ஃப்ரேமையும் கலந்து கொடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் அழகாகத்தான் இருந்தது. அசல் மெஷினில், பழைய டியூப் டிவியில் போட்டால் வானம் முழுக்கப் படபடவென்று அடித்துக்கொள்கிறது, பார்க்கவே முடியவில்லை.

பிஏஎல் (ஐரோப்பா பக்கத்து டிவி முறை) டிவியில் நொடிக்கு ஏறக்குறைய 50 ஃப்ரேம். இரண்டு படம் மாறி மாறி வந்தால் ஒவ்வொன்றுக்கும் 25தான். அந்த வேகத்தில் நிறம் மட்டும் மாறினால் கண் பொறுத்துக்கொள்ளும், வெளிச்சம் ஏறி இறங்கினால் பொறுக்காது. நீலம் கிட்டத்தட்ட இருட்டு, மஞ்சளோ வெள்ளைக்குப் பக்கத்தில். அப்புறம் எப்படி நிற்கும்? ஒளி மினுக்கலால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு இது ஆபத்தும்கூட.

திரையில் படம் வரைவது இந்தக் கணினியின் விக்-2 சிப். அதன் பிந்தைய பதிப்புகளில் ஒரே பிரகாசமுள்ள ஜோடிகள் ஏழு: நீலம்–பழுப்பு, சிவப்பு–அடர் சாம்பல், ஊதா–ஆரஞ்சு, வெளிர்நீலம்–நடுச்சாம்பல், பச்சை–வெளிர் சிவப்பு, சியான்–வெளிர் சாம்பல், மஞ்சள்–வெளிர் பச்சை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஜோடி கிடையாது. முதலில் வந்த சிப்பில் பிரகாசப் படிகள் குறைவு, அதனால் அதில் அசையாமல் நிற்கும் நீலம்–சிவப்பு, பிந்தைய சிப்பில் மினுக்கும்.

சந்தேகமா, டிவியில் கலர் குமிழை அடியோடு குறைத்துவிட்டுப் பாருங்கள். கறுப்பு வெள்ளையிலும் படம் துடித்தால் அந்த ஜோடி உதவாது. இதை வரையும் முன்பே செய்யுங்கள், ஏனென்றால் நிறங்கள் கட்டத்தோடு கட்டுண்டவை, பிறகு ஒரு ஜோடியை மாற்றப் போனால் கட்டம் கட்டமாகத் திரும்ப வரைய வேண்டும். அந்தத் தம்பி இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

இடது ஓரத்தில் முகம் வரைவது

வரிக்கு வரி நிறத்தை மாற்றி ஒரு கட்டத்தில் கூடுதல் நிறம் எடுக்கும் எஃப்எல்ஐ முறையில் இடப்பக்கம் 24 பிக்சல் பாழ். அங்கே எதையும் வைக்காதீர்கள்.

சைக்கிள் கணக்கு

திரையின் ஒரு வரியை வரையும் நேரத்தில் கிடைக்கும் சைக்கிள் (கடிகாரத் துடிப்பு) பிஏஎல்லில் 63, அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியில் பெரும்பாலும் 65. வரிக்கு வரி நிறம் மாற்றும் நிரல் இந்தக் கணக்கை நம்பித்தான் ஓடுகிறது. எந்த முறைக்கு நிரல் எழுதுகிறோம் என்று முதலிலேயே முடிவு பண்ணுங்கள்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் தீர்ப்பு சொல்வது

50 ஃப்ரேமை 60-இல் திணித்தால் சில ஃப்ரேம் இருமுறை வரும், நல்ல ஜோடிகூட தடுமாறும். சரியாக இருந்த படத்தை இதை நம்பி அழித்தவர்களும் இருக்கிறார்கள்.