மொரீசியஸிலிருந்து அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு: விண்ணப்பம் தனித்துத் தெரிய

ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், பொமோனா, ஸ்வார்த்மோர் போன்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் (பல துறைகளையும் சேர்த்துப் படிக்கும் சிறிய இளங்கலைக் கல்லூரிகள்) ஆண்டுக்குச் சுமார் 400 முதல் 600 பேரைத்தான் சேர்க்கின்றன. விண்ணப்பிப்பவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. மொரீசியஸின் பள்ளியிறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யில் மூன்று ஏ வாங்குகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர். நல்ல மதிப்பெண் இல்லாமல் விண்ணப்பத்தை நின்று படிக்கமாட்டார்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் யாரையும் எடுக்கவும் மாட்டார்கள். வகுப்பில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பேசும் இடத்தில் இந்தப் பிள்ளை என்ன பேசும் என்பதைத்தான் தேடுகிறார்கள்.

முதலில் நாள்காட்டி. பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் ஏர்லி டிசிஷன் முறைக்குக் கெடு பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. அப்போது நீங்கள் எச்.எஸ்.சி. தேர்வறையில் இருப்பீர்கள். ஆகவே கட்டுரை, செயல்பாட்டுப் பட்டியல், ஆசிரியர் கடிதங்கள் மூன்றும் ஆகஸ்ட் முடிவதற்குள் தயாராக வேண்டும். கட்டுரைக் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறுவதில்லை. முன்கூட்டியே எழுதத் தொடங்கலாம். தேர்வு முடிந்தபின் மூச்சுவிட்டு எழுத விரும்பினால், ஜனவரி தொடக்கத்தில் வரும் இரண்டாம் ஏர்லி டிசிஷன் நமக்கு ஏற்றது. பொமோனா, ஸ்வார்த்மோர், போடன், கிரின்னல் ஆகியவற்றில் அது உண்டு. ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸில் இல்லை. ஏர்லி டிசிஷனில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும் என்பதை வீட்டில் எல்லோரும் புரிந்துகொண்டபின் கையெழுத்திடுங்கள். கொடுக்கும் உதவித்தொகை குடும்பத்துக்குப் போதவில்லை என்றால் மட்டும் விலகலாம்.

செயல்பாட்டுப் பட்டியலில் பத்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் 150 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. பத்தையும் நிரப்ப வேண்டியதில்லை. டியூஷன் மாலைகளையும் சனிக்கிழமைகளையும் விழுங்கிவிடுவதால் நம் பிள்ளைகளுக்கு ஐந்தாறுதான் இருக்கும், அது போதும். ‘கோயிலில் தொண்டு, தமிழ் கற்பித்தல்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ‘வாரந்தோறும் 12 சிறுவர்களுக்குத் தமிழ் எழுத்து, கிரியோல் விளக்கத்தோடு 40 பக்கப் பயிற்சி ஏடு தயாரித்தேன்’ என்றால் வேலை கண்முன் நிற்கும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, அப்பாவின் கடையில் கணக்கு எழுதுவது ஆகியவையும் செயல்பாடுகளே. வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

கட்டுரைக்கு உச்ச அளவு 650 சொற்கள். தமிழ்ப் பிள்ளைகள் காவடியைப் பற்றி எழுத ஆசைப்படுவது இயல்பு. தவறு எங்கே நடக்கிறது என்றால், விரதம், வேல், ஊர்வலம் என்று விளக்குவதிலேயே 500 சொற்கள் போய்விடுகின்றன. எழுதியவர் கட்டுரையில் இல்லை. பண்டிகையை இரண்டு வரியில் முடியுங்கள். மீதியை உங்களை உறுத்திய ஒரு கேள்விக்குக் கொடுங்கள்: தேவாரம் பாடத் தெரிந்தும் பொருள் புரியாதது ஏன், அதைத் தெரிந்துகொள்ள யாரிடம் போனீர்கள், என்ன மாறியது. ‘பல பண்பாடுகள் கொண்ட தீவு’ என்று தொடங்கும் கட்டுரையை மொரீசியஸில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் அந்த வரியை அடித்துவிடுங்கள். எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். எச்.எஸ்.சி. ஜெனரல் பேப்பரின் கட்டுரை விடைபோல ஒலித்தால் திரும்ப எழுத வேண்டும்.

‘எங்கள் கல்லூரி ஏன்?’ என்ற கேள்வி எல்லாக் கல்லூரியிலும் வராது; வரும் இடத்தில் அழகான வளாகம், சிறிய வகுப்பு என்று எழுதுவது வீண். ஆம்ஹர்ஸ்டில் கட்டாயப் பாடப் பிரிவுகள் இல்லாத திறந்த பாடத்திட்டம்; வில்லியம்ஸில் இரண்டு மாணவர், ஒரு பேராசிரியர் என்று நடக்கும் டியூட்டோரியல்; ஸ்வார்த்மோரின் ஆனர்ஸ் திட்டத்தில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள். இப்படி அந்தக் கல்லூரிக்கே உரிய ஒன்றை எடுத்து, அங்கே எதைப் படிப்பீர்கள் என்று சொல்லுங்கள். சயின்ஸ் சைடில் படிப்பவர் வரலாறோ மொழியியலோ ஏன் வேண்டும் என்பதற்கு, ஏற்கெனவே படித்த ஒன்றைச் சான்றாகக் காட்ட வேண்டும்.

கடிதங்களை டியூஷன் ஆசிரியரிடம் வாங்காதீர்கள், அவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும். பள்ளி வகுப்பில் பாடம் நடத்துபவரைத்தான் கேட்கிறார்கள். ‘ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி’ என்ற நன்னடத்தைச் சான்றிதழ் மொழி அங்கே எடுபடாது. நீங்கள் கேட்ட கேள்விகள், செய்த திட்டப்பணி, தடுமாறிய இடம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்தால் அவர் குறிப்பாக எழுதுவார். பள்ளி உங்களைப் பற்றி அனுப்பும் ஸ்கூல் ரிப்போர்ட்டைப் பெரும்பாலும் பள்ளித் தலைவரான ரெக்டரே நிரப்ப வேண்டியிருக்கும். நம் பள்ளியில் 70 என்பது நல்ல மதிப்பெண், அமெரிக்கருக்கு அது சுமார். நீங்களே ஜி.பி.ஏ.வாக (அமெரிக்க மதிப்பெண் சராசரியாக) மாற்றாமல், வகுப்புச் சராசரியையும் முடிந்தால் உங்கள் இடத்தையும் பள்ளி குறிப்பிடும்படி கேளுங்கள்.

பணத்தை மறைக்காதீர்கள். முழுச் செலவு பல இடங்களில் ஆண்டுக்கு 85,000 டாலரைத் தாண்டுகிறது. ஆம்ஹர்ஸ்டும் போடனும் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்பதைப் பார்க்காமலே முடிவெடுக்கின்றன. பல கல்லூரிகள் பார்த்துத்தான் எடுக்கின்றன. அதற்குப் பயந்து உதவி வேண்டாம் என்று குறித்தால், சேர்ந்தபின் கேட்க வழியில்லாமல் போகலாம். உதவித்தொகைக்கான சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற படிவத்துக்குப் பெற்றோரின் வருமான ஆவணங்களை இப்போதே எடுத்துவையுங்கள்.

எச்.எஸ்.சி. முடிவு பொதுவாக ஜனவரி கெடுவுக்குப் பிறகே வரும் என்பதால், கணிப்பு மதிப்பெண்ணைப் பள்ளி முன்பே அனுப்ப வேண்டும். முடிவு வந்த அன்றே கல்லூரியின் விண்ணப்பதாரர் பக்கத்தில் அதை ஏற்றிவிடுங்கள்.