காலி டேங்க் காலி இல்லை

அமெரிக்காவின் டெக்சஸ் பக்கம் பழைய புரொப்பேன் (எரிவாயு) டேங்க்குக்கு மறுபிறவி உண்டு. கிராமத்து வீடுகளுக்குப் பின்னால் படுத்துக் கிடக்கும் 250, 500 காலன் டேங்க்குகளை வாங்கி வெட்டி, இறைச்சியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் ஸ்மோக்கராக மாற்றிவிடுவார்கள். ஆஸ்டினில் பேர்போன ஃபிராங்க்ளின் பார்பிக்யூ உணவகத்தில் இருப்பவையும் இப்படிப் பிறந்தவைதான்.

இப்படி மாற்றக் கிளம்புகிறவர்களின் முதல் தவறு, "பல வருஷம் வெயிலில் கிடந்தது, உள்ளே ஒன்றும் இருக்காது" என்று இரும்பு வெட்டும் கிரைண்டரை எடுப்பது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம்; மேலே திறந்து வைத்தாலும் அடியில் தங்கிவிடும். காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். உள்சுவரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் சூடானால் ஆவியாகும். அதனால் திறந்த வெளியில் வால்வைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, டேங்க் வழியத் தண்ணீர் நிரப்புங்கள். வெட்டும்போதும் வெட்டுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிற்கட்டும். 250 காலன் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு டன். கால் வைத்த ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு நிரப்பாதீர்கள், தரையிலேயே நிரப்புங்கள். வால்வ் கழலவில்லையா? சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கேஸ் டேங்க் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பித்தளை வால்வில் நீலப்பச்சைக் கறை தெரிந்தால் அந்த டேங்கே வேண்டாம். அதில் அம்மோனியா இருந்திருக்கும்.

(நம்மூர் 14.2 கிலோ சிலிண்டரை நினைத்துக்கொண்டு படிப்பவர்களுக்கு: அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. நீங்கள் டெபாசிட் மட்டும்தான் கட்டியிருக்கிறீர்கள். அதைத் தொடாதீர்கள்.)

அடுத்தது கதவு. நான்கு பக்கமும் ஒரே மூச்சில் வெட்டினால், வளைத்து உருட்டிய இரும்புக்குள் அடங்கியிருந்த விசை விடுபட்டு, கதவு அப்பளம் மாதிரி விரிந்து நிற்கும். பிறகு எத்தனை சுத்தியல் அடித்தாலும் பழைய வளைவு வராது. முதலில் கீல் வரும் பக்கத்தை மட்டும் வெட்டுங்கள். கீல்களை வெல்டிங் செய்துவிட்டு, அப்புறம் மற்ற மூன்று பக்கமும்.

காற்றோட்டத்தில்தான் பலரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். விறகு எரியும் நெருப்புப்பெட்டியின் கொள்ளளவு, இறைச்சி வைக்கும் அறையின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 250 காலன் டேங்க் முழுவதும் இறைச்சிக்கு என்றால், பக்கத்துக்கு 27 அங்குலம் உள்ள பெட்டி. சின்னப் பெட்டி, ஒல்லிப் புகைபோக்கி என்றால் விறகு மூச்சுத்திணறி அடர்ந்த வெள்ளைப் புகை விடும், இறைச்சி கசக்கும். மெல்லிய, நீலம் கலந்த புகைதான் சரி.

புகைபோக்கிக்கும் இறைச்சி வைக்கும் வலைக்கும் கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) இரும்பு வேண்டவே வேண்டாம். வெல்டிங் செய்யும்போது எழும் துத்தநாகப் புகையில் குளிர்காய்ச்சல் வந்து படுப்பீர்கள். பழைய டேங்க்கின் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். மாஸ்க் இல்லாமல் சுரண்டாதீர்கள். உள்பக்கம் பெயிண்ட்டே கூடாது, சமையல் எண்ணெய் பூசி ஒரு நாள் வெறும் நெருப்பு போட்டால் போதும்.

தெர்மாமீட்டரை அழகுக்காக உச்சியில் பொருத்துகிறவர்களும் உண்டு. அங்கே 135 டிகிரி செல்சியஸ் காட்டும்போது கீழே அவ்வளவு சூடு இருக்காது. வலை உயரத்தில் பொருத்துங்கள், பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி) கிடப்பது அங்கேதானே.