நீளமான லென்ஸ் இருந்தும் பறவைப் படங்கள் ஏன் சொதப்புகின்றன?

600 மி.மீ. லென்ஸைக் கையில் எடுத்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது, இனி பறவைக்குப் பக்கத்தில் போக வேண்டியதில்லை என்பதுதான். பறவைப் படங்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இந்த நினைப்பிலிருந்தே வருகிறது. லென்ஸ் பறவையைப் பெரிதாக்கும்போது கை நடுக்கத்தையும், இடையில் இருக்கும் காற்றையும், ஃபோகஸில் விழும் சின்னப் பிசகையும் சேர்த்தே பெரிதாக்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிட்டுக்குருவி சுமார் 15 செ.மீ. நீளம். 30 மீட்டர் தள்ளி இருக்கும் குருவியை ஃபுல் ஃபிரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸால் எடுத்தால், 36 மி.மீ. அகலமுள்ள சென்சாரில் அது 3 மி.மீ.தான் இருக்கும். 24 மெகாபிக்சல் படத்தில் மூக்கிலிருந்து வால் வரை 500 பிக்சல். அதே குருவி 10 மீட்டரில் இருந்தால் 1500 பிக்சல், பரப்பளவில் ஒன்பது மடங்கு. எந்த விலையுயர்ந்த லென்ஸும் இந்த 20 மீட்டரை ஈடுகட்டாது. ‘அப்புறம் கிராப் செய்துகொள்ளலாம்’ என்று தூரத்திலிருந்தே சுட்டுத் தள்ளுபவர்களின் படங்களில் இறகின் இழைகள் தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

காற்றை மறந்துவிடுவது

பலரும் கடைசிவரை கண்டுபிடிக்காத தவறு இது. வெயில் ஏறியதும் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று அலையலையாக எழும். தார்ச்சாலையில் கானல் தெரிகிறதே, அதேதான். வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தாலும் நீளமான லென்ஸ் அதைப் பிடித்துவிடும். ஃபோகஸ் சரியாக இருக்கும், ஷட்டர் வேகம் 1/3200 விநாடி இருக்கும், படம் மட்டும் மெழுகு பூசியது போல இருக்கும். லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்கு அனுப்புகிறவர்களும் உண்டு.

சோதிப்பது எளிது. அசையாமல் இருக்கும் பறவையை வரிசையாகப் பத்துப் பதினைந்து படங்கள் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் மங்கல் வேறு வேறு இடத்தில் இருந்தாலோ, நேரான கிளையின் ஓரம் படத்துக்குப் படம் நெளிந்தாலோ, குற்றவாளி காற்றுதான். இதற்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டியும் பயனில்லை, கை நடுக்கத்தை அடக்கும் ஸ்டெபிலைசேஷனும் உதவாது. காலையில் சீக்கிரம் போகலாம், மேகமூட்டமான நாளைத் தேர்ந்தெடுக்கலாம், இல்லையென்றால் தூரத்தைக் குறைக்கலாம். காற்று கொதிக்கும் நேரத்தில் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வெர்டரை, அதுவும் 2 மடங்கை, மாட்டுவது மங்கலையே பெரிதாக்கிக் காட்டும். அதோடு இரண்டு ஸ்டாப் வெளிச்சமும் போய்விடும், அதாவது நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

காருக்குள்ளிருந்து எடுப்பவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஏசியோ ஹீட்டரோ ஓடிக்கொண்டிருக்கும்போது ஜன்னலை இறக்கினால், சூடும் குளிருமான காற்று லென்ஸுக்கு நேர் முன்னால்தான் கலக்கும். முன்கூட்டியே அணைத்துவிட்டு, உள்ளும் வெளியும் ஒரே சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். சூடான என்ஜின் மூடிக்கு மேலாகக் குறிபார்க்க வேண்டாம்.

ஐஎஸ்ஓ பயம்

ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, கூட்டினால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும் என்று பயந்து, 400-இலேயே வைத்துக்கொண்டு 1/250-இல் எடுக்கிறார்கள். கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைதானே என்ற தைரியம். அது உட்கார்ந்திருந்தாலும் தலையை வெட்டி வெட்டித் திருப்பிக்கொண்டேதான் இருக்கும். ஸ்டெபிலைசேஷன் அடக்குவது உங்கள் கை நடுக்கத்தை மட்டும், பறவையின் அசைவை அது ஒன்றும் செய்யாது. உட்கார்ந்திருக்கும் சிறு பறவைக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000, தேன்சிட்டு, பஞ்சுருட்டான் போலத் துறுதுறுவென்று இருப்பவற்றுக்கு 1/3200 என்று ஆரம்பிக்கலாம். பருந்து இறக்கையை விரித்து மிதக்கும்போது 1/1250 கூடப் போதும்.

நாய்ஸை மென்பொருளில் பெருமளவு குறைத்துவிடலாம். அசைவில் கலங்கிய கண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்றினாலும் அதே நாய்ஸ்தான் வரும், சில கேமராக்களில் இன்னும் மோசமாகவே வரும். மேனுவல் மோடில் ஷட்டர் வேகத்தையும் அபர்ச்சரையும் (லென்ஸின் ஒளித் திறப்பு) நீங்கள் வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுவது பலருக்கும் ஒத்துவரும் வழி.

ஆட்டோவில் ஒரு பொறி இருக்கிறது. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். இருண்ட நீரின் நடுவே சின்னதாக நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுத்தால், நீரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு வெளிறி இறகெல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். அங்கே கேமரா முடிவு செய்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸில் வைக்க வேண்டும். அதே கொக்கு ஃபிரேமை நிறைத்து நின்றால் கதை தலைகீழ், படம் சாம்பல் பூக்கும், பிளஸ் தேவை. வெளுத்த வானத்தில் பறக்கும் கரிச்சானுக்குப் பிளஸ் ஒன்று அல்லது ஒன்றரை வைக்காவிட்டால் கிடைப்பது நிழலுருவம்தான். ‘வெள்ளைப் பறவைக்கு மைனஸ், கறுப்புப் பறவைக்குப் பிளஸ்’ என்று மனப்பாடம் செய்துகொள்வது பாதி நேரம் தவறாகப் போகும். பின்னணியையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஃபோகஸ்

600 மி.மீ., அபர்ச்சர் எஃப்/6.3, 10 மீட்டர் தூரம் என்றால் முன்னும் பின்னும் சேர்த்துத் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 10 செ.மீ. எஃப்/4 என்றால் ஆறேழு செ.மீ.தான். 5 மீட்டருக்கு நெருங்கினால் இது நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். தோளில் ஃபோகஸ் விழுந்தால் கண் போச்சு. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி புதிய கேமராக்களில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் குச்சிகளுக்கும் இலைகளுக்கும் நடுவே அதை முழுசாக நம்பக் கூடாது. அங்கே ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறிவிடுங்கள், அந்த மாற்றத்துக்கென்று ஒரு பட்டனை ஒதுக்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

பறவை ஃபிரேமுக்குள்ளேயே சிக்கவில்லை என்பது ஆரம்பத்தில் எல்லோரும் சொல்லும் குறை. காரணம், பறவையைப் பார்த்துவிட்டுக் கேமராவைக் குனிந்து பார்ப்பது. கண்ணைப் பறவையிலிருந்து எடுக்காமல் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் 200-இல் தேடிப் பிடித்துவிட்டு அப்புறம் 600-க்குப் போகலாம். பறவை வரப்போகும் தூரத்துக்கு முன்பே ஃபோகஸ் செய்து வைப்பதும் முக்கியம். லென்ஸ் மிகக் கிட்டத்தில் ஃபோகஸாகி நின்றிருந்தால், பறவை ஃபிரேமுக்குள் இருந்தாலும் உங்களுக்கு வெறும் வானம்தான் தெரியும். லென்ஸின் பக்கவாட்டில் உள்ள, ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் ஃபோகஸ் லிமிட்டர் சுவிட்ச் இதற்காகத்தான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைத் தொடுவதே இல்லை.

டிரைபாடின் நடுத்தண்டை முழுசாக உயர்த்த வேண்டாம், ஆட்டம் கூடும். கனமான லென்ஸைக் கேமரா உடலைப் பிடித்துத் தூக்க வேண்டாம், மவுன்ட்டுக்கு நல்லதல்ல. மலிவான யூவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், லென்ஸின் முன்னால் மாட்டும் ஹுட்டை மட்டும் எப்போதும் மாட்டியே வையுங்கள்.

நெருங்கும் விதம்

நெருங்கத்தான் வேண்டும் என்றால் எப்படி? நேராகப் பறவையைப் பார்த்தபடி நடந்து போவதுதான் மிக மோசமான வழி. வேட்டை விலங்கும் அப்படித்தான் வரும். குனிந்து, சற்றே பக்கவாட்டாக, இடையிடையே நின்று போங்கள். இரை தேடுவதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால் அதுவே எச்சரிக்கை, நீங்களும் நின்றுவிட வேண்டும். உடலைத் தாழ்த்தினாலோ எச்சமிட்டாலோ பறக்கத் தயாராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதைவிட நல்லது, பறவைகள் திரும்பத் திரும்ப வந்து உட்காரும் இடத்தைக் கவனித்து, அதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவது. மீன்கொத்தி போன்றவை பழகிய கிளைக்கே மீண்டும் வரும். உட்கார்ந்தால் இன்னொரு லாபமும் உண்டு: லென்ஸ் பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கும், பின்னணி தள்ளிப்போய் மென்மையாகும்.

கூட்டை மட்டும் விட்டுவிடுங்கள். தாய்ப்பறவை எழுந்து போன நேரத்தில் முட்டையும் குஞ்சும் வெயிலிலோ குளிரிலோ கிடக்கும். படத்துக்காக மறைப்பு இலைகளை ஒதுக்கினால் காகத்துக்கு வழிகாட்டியதாகிவிடும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் அப்படித்தான். போட்டியாளன் வந்துவிட்டான் என்று பறவை தன் வேலையை விட்டுவிட்டு அலையும்.

கல்லை எறிந்து கூட்டத்தைக் கிளப்புபவர்களும் இருக்கிறார்கள். வலசைப் பறவைகள் நெடும்பயணத்துக்காகச் சேர்த்து வைத்த சக்தி அதில் வீணாகிறது. அதோடு, மிரண்ட பறவை உங்களைவிட்டு விலகித்தான் பறக்கும், கிடைப்பதெல்லாம் வாலும் முதுகும். பறக்கும் படம் வேண்டுமென்றால் காற்றைக் கவனியுங்கள். பறவைகள் எழும்புவதும் இறங்குவதும் பெரும்பாலும் காற்றுக்கு எதிராகத்தான். காற்றும் சூரியனும் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் அவை வெளிச்சம் பட்ட முகத்தோடு உங்களை நோக்கி வரும். காலையில் காற்று எதிர்த்திசையில் வீசினால் அந்த இடத்தில் காத்திருக்க வேண்டாம். நீர்நிலையின் மறு கரைக்குப் போனால் சூரியன் எதிரே வந்துவிடும், அன்றைக்கு உட்கார்ந்திருக்கும் பறவைகளை எடுத்துக்கொள்ளலாம்.